ஒருமனதாக ஒரு புகார்

"உங்க நாற்காலி எங்களைக் கிண்டல் பண்ணுது!"

மேலாற்று நாட்டுத் தூதர் எழுந்து நின்று கத்தினார். மண்டப மேனேஜருக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. தூதர் மறுபடி உட்கார்ந்து காட்டினார். நாற்காலி 'கிறீச்' என்றது.

"கேட்டீங்களா? 'ஒரு சொட்டுத் தண்ணி விட மாட்டோம்'னு நான் சொல்றேன், இது கிறீச்சுங்குது. அவங்க சிரிக்கிறாங்க. இதெல்லாம் திட்டம் போட்டுப் பண்ற வேலை!"

எதிர்ப்பக்கம் கீழாற்று நாட்டுக்காரர்கள் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜருக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்து, இருபத்திரண்டு நாற்காலிக்கும் அவரே கைப்பட ஸ்குரூ முடுக்கியிருந்தார். இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் இந்த மண்டபத்துப் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வு. அன்றைக்கு 'புகாரற்ற சேவை' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் கொடுக்கப்போகிறார்கள். அதை மாட்டக் கூடத்துச் சுவரில் மனைவி ஆணியே அடித்துவிட்டாள். "இவருக்கெல்லாம் எவன் பத்திரம் குடுப்பான்?" என்று காலம் பூராவும் நக்கலடித்த மச்சானுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று.

இந்த வாரம் பார்த்துத்தானா இரண்டு நாடுகளும் பதினொரு வருஷ ஆற்றுச் சண்டையைத் தூக்கிக்கொண்டு இங்கே வர வேண்டும்? வேறு மண்டபமா கிடைக்கவில்லை? இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது சமாதானம் பேசவந்த மத்தியஸ்த அம்மாவாம். அந்த அம்மாவோ நடுவில் உட்கார்ந்து, குட்டி ஸ்குரூடிரைவரால் மூக்குக் கண்ணாடியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஓடிப்போய் வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"அவங்களுக்கு மட்டும் புதுசா?" கீழாற்றுத் தலைவி எழுந்துவிட்டாள். "எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

சரி, எல்லாருக்குமே மாற்றிவிடுவோம் என்று பக்கத்து அரங்கத்திலிருந்து இருபத்திரண்டு நாற்காலிகளை இறக்கினார். அவை குள்ளம். மேஜை எல்லாருடைய மோவாயிலும் இடித்தது.

"பேச வந்தோமா, முகச்சவரத்துக்கு வந்தோமா?" என்றார் தூதர்.

தச்சரைக் கூப்பிட்டு மேஜைக்கால்களை அறுக்கச் சொன்னார் மேனேஜர். தச்சர் பாவம், என்ன செய்வார்? இந்தப் பக்கம் தூதர், "இன்னும் கொஞ்சம்" என்கிறார். அந்தப் பக்கம் தலைவி, "போதும், போதும்" என்கிறாள். இரண்டு அரசாங்கம் தலைக்கு மேல் நின்றால் எவன் நேராக அறுப்பான்? கீழாற்றுப் பக்கத்துக் கால் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது.

எல்லாரும் உட்கார்ந்ததும் யார் கையோ பட்டுத் தண்ணீர்க் கூஜா கவிழ்ந்தது. தண்ணீர் மேஜையில் ஓடி, நேரே கீழாற்றுத் தலைவியின் மடியில் விழுந்தது.

"பார்த்தீங்களா! பேச்சு முடியறதுக்குள்ளயே தண்ணிய எடுத்துக்கிட்டாங்க!" என்று தூதர் மேஜையைக் குத்தினார்.

"யோவ், என் புடவையே போச்சு, இதுல நான் எடுத்துக்கிட்டேனாம்!"

மேனேஜர் குனிந்தார். குட்டைக்காலுக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று மத்தியஸ்த அம்மா மேலிருந்து ஒரு தாளை நீட்டினார். அவரும் வாங்கி நாலாக மடித்துச் சொருகினார். மேஜை நேராகிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

"எங்க மனுவுல மூணாம் பக்கம் எங்கே?" என்றாள் தலைவி.

மேஜைக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. ஒரு பக்கம் கீழாற்று நாட்டின் கோரிக்கை. மறுபக்கம் மேலாற்று நாட்டின் பதில். நடுவே மேஜைக்காலின் வட்ட அச்சு.

"எங்க நாட்டையே மிதிச்சுட்டான்!" என்றாள் தலைவி.

"எங்களையும்தாம்மா!" என்றார் தூதர்.

"ஐயா, நானா எடுக்கலை, இந்த அம்மாதான்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"பாவம், வேணும்னு செஞ்சிருக்க மாட்டார்," என்றார் மத்தியஸ்த அம்மா, கண்ணாடியைத் துடைத்தபடி. "மன்னிச்சு விட்டுடுங்களேன்."

"மன்னிக்கிறதா?" என்று இரண்டு நாடுகளும் ஒரே குரலில் கேட்டன.

புகார்ப் புத்தகம் வந்தது. தூதர் சொல்லச் சொல்லத் தலைவி எழுதினாள். "'கவனக்குறைவு' பத்தாது, 'ஆணவம்'னு போடுங்க," என்றார் அவர். "நல்லாச் சொன்னீங்க," என்று இவள் போட்டாள். கடைசியில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மத்தியஸ்த அம்மா அந்தப் பக்கத்தைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பதினொரு வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் காகிதம்! இந்தச் சூட்டோட ஆத்து விஷயத்தையும் பார்த்துடலாமா?"

நாலு மணிக்கு ஒப்பந்தமே முடிந்துவிட்டது. தூதரும் தலைவியும் மேனேஜர் குனிந்து தாள் சொருகியதை நடித்துக்காட்டி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே காருக்குப் போனார்கள். போர் நின்றது நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு மனிதனின் இருபத்தொன்பது வருஷம் என்ன இளக்காரமா?

மேனேஜர் டீ போடும் அறைக்குள் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்த ஊரிலிருந்தோ வந்து வேலைக்குச் சேர்ந்த டீக்காரர், கேட்காமலே ஒரு கிளாஸை நீட்டினார். அதிகம் பேசாத மனிதர்.

"பத்திரம் போச்சுய்யா. அந்த ஆணியில இனி காலண்டர்தான் மாட்டணும். மச்சான் வேற வரான்! நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லு. ஞாயித்துக்கிழமை என் கையால முடுக்கின ஸ்குரூ அது. ராத்திரியோட ராத்திரியா எந்தப் பாவி வந்து கழட்டியிருப்பான்?"

டீக்காரர் ஜன்னல் வழியாக, மத்தியஸ்த அம்மாவின் கார் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்குங்க சார், இதுக்கு முன்னாடி வேற ரெண்டு நாட்டுச் சமாதானத்துக்கு எங்க ஊர் மண்டப மேனேஜர் நான்தான், எனக்கு அந்தம்மா மைக் வயரைக் கழட்டி விட்டுட்டாங்க."