மீசை போன காரணம்

நோவி சாட்,
செவ்வாய்க்கிழமை

அன்புக்கும் அதட்டலுக்கும் என்றுமே குறைவில்லாத அக்கா தெசங்காவுக்கு,

தம்பி ரதிவோயே பணிவுடன் எழுதுவது. ஓடி ஓடிப் போன என் மகள் நேதாவின் கால்விரல் நகங்கள் இரண்டைத் தவிர இங்கே எல்லாரும் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் ரத்தக்கொதிப்பும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய மிளகாய்த் தொக்கு ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது.

நேற்றுப் பேப்பரில் மாரத்தான் படத்தில் நான் மீசையில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "யாருடா செத்தது? மறைக்காம சொல்லுடா!" என்று போனில் ஒப்பாரி வைத்தாய். யாரும் சாகவில்லை. செத்தால் நம்மவர்கள் நாற்பது நாள் தாடி அல்லவா வளர்ப்பார்கள்? அதைச் சொல்ல வாயெடுத்தால், "அப்போ பந்தயம் கட்டித் தோத்தியா?" என்று ஆரம்பித்தாய். இந்த அறுபத்து மூன்று வருடத்தில் போனில் உன்னிடம் ஒரு வாக்கியத்தை நான் முடித்ததாக நினைவில்லை. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நேதாவுக்கு சீலியாக் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவள் குடல் புண்ணாகிவிடும். இது உனக்குத் தெரியும், ஆனால் நீ நம்புவதில்லை. உன் வீட்டுக் குலப்புனிதரின் ஸ்லாவா விருந்தன்று வாசலில் நீட்டிய அவித்த கோதுமையை அவள் வாங்கவில்லை என்று, "ஒரு கரண்டி தின்னா செத்தா போயிருவா? புனிதருக்கே அவமானம்!" என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் எங்களோடு பேசாமல் இருந்தாய். அது போகட்டும். மாரத்தானுக்கு முந்தின மாலை மற்ற ஓட்டக்காரர்களெல்லாம் தட்டுத் தட்டாகப் பாஸ்தா தின்று தெம்பு ஏற்றிக்கொள்வார்கள், என் மகள் அவித்த உருளைக்கிழங்கோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். அப்படிப் பத்தியம் இருந்தும், போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் முப்பதாவது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டான்யூப் கரையில் சுருண்டுவிட்டாள். இந்த வருடமும் முடியாவிட்டால் இனி ஓடுவதில்லை என்று காலணியைத் தூக்கி அலமாரிமேல் வீசியதை நான் பார்த்தேன். பெற்ற வயிறு மட்டும்தான் எரியும் என்று யார் சொன்னது?

வழியில் சைக்கிளில் போய் அவளுக்குச் சாப்பாடு கொடுப்பது என் வேலை என்பதால் பழி என்மேல்தான் என்று தோன்றியது. சமையலறையைத் தலைகீழாக்கினேன். வாணலி, கரண்டி, வெட்டும் பலகை எல்லாம் அவளுக்கென்று தனியாக வாங்கினேன். ரொட்டி வாட்டும் கருவியைத் தூக்கிக் கொட்டகையில் போட்டதற்கு ஸ்மில்யா, "ஏங்க, அடுத்தது என்னையும் அங்க போட்டுருவீங்களா?" என்றாள். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை மறுபடி படித்தேன். வாயில் ஒட்டிய துணுக்கு முத்தத்தின் வழியாகவும் போகலாம் என்று போட்டிருந்தது. வாய்விட்டுப் படித்தேன். ஸ்மில்யா என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து என் முன்னால் நீட்டினாள். மணி பன்னிரண்டு, காலை ஆறு மணிக்கு எமின் ரொட்டிக்கடையில் தின்ற புரேக்கின் கோதுமை ஏடு ஒன்று மீசையில் அசைந்துகொண்டிருந்தது.

அக்கா, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு மாரத்தான் காலையிலும் பாதிப் புரேக்கைத் தயிரோடு தின்று, மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். போனதும் வழக்கம்போல் மூன்று முத்தம். என் மீசையே என் பிள்ளையை வீழ்த்தியிருக்கிறது! மூன்று முத்தம் கொடுக்காமல் அவளை ஓட அனுப்ப எனக்கு மனம் வராது. புரேக்கை விடலாம், ஆனால் நாற்பது வருடப் புரேக் குடியிருக்கும் மீசையை எந்தச் சோப்பு சுத்தம் செய்யும்? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இருந்தவன் இரண்டையும் விட்டேன். "வீட்ல சொல்லிட்டுத்தானே வந்தீங்க, அண்ணே?" என்று முடிதிருத்துபவர் மூன்று தடவை கேட்டார்.

ஞாயிறு காலை நான் நெருங்கியதும் நேதா இரண்டடி பின்வாங்கினாள். "யாரு... ஐயோ, அப்பா! உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கீங்க!" மூன்று முத்தமும் வாங்கிக்கொண்டாள். எப்போதும்போல் என் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எமின் கடைக்குப் போகலையா?" என்றாள். "இனிமே போறதா இல்லம்மா" என்றேன். அவள் முகம் வாடியது. என் தியாகத்தை நினைத்து என்று எண்ணிக்கொண்டேன்.

பத்தாவது கிலோமீட்டரில் தேன் கலந்த அரிசிச்சோற்று உருண்டை, இருபதில் உப்பிட்ட உருளைக்கிழங்கு. முப்பதில் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வந்தாள். வயிற்றில் கை இல்லை. கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தாள். "அப்பா, களி! ரெண்டு துண்டு குடுங்க! சீக்கிரம்!" மக்காச்சோளக் களியை அப்படி ஆசையாக யாரும் கேட்டதில்லை. நான்கு மணி நேரம் இருபத்தொரு நிமிடத்தில் ஓடி முடித்து, என் வழவழப்பான கன்னத்தில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். நீ பார்த்த படம் அதுதான்.

ஆக, மீசை போனது வீண் போகவில்லை. நம் புனிதர் உங்கள் வீட்டையும் உன் முழங்காலையும் காக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கங்கள்.

உன் வழவழத் தம்பி,
ரதிவோயே

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நேதா இதைப் படித்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, மீசைமேல தப்பே இல்ல. ரெண்டு தடவையும் நீங்க கோட்டை என்கிட்ட குடுத்துட்டுக் கழிப்பறைக்குப் போனீங்கல்ல? அப்ப பையில இருந்த புரேக்கை ஒரு வாய் கிள்ளித் தின்னுட்டேன். பயத்துல... வாசனை தாங்கலப்பா. இந்தத் தடவையும் தேடினேன். பை காலி." கடிதத்தைக் கிழித்து வேறு எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம், அப்படியே அனுப்புங்க. ஒரு வாய் தின்னா என்ன ஆகும்னு அத்தைக்குத் தெரியட்டும்" என்கிறாள். அடுத்த ஸ்லாவாவுக்கு வருகிறோம், அக்கா. வாசலில் அவளுக்கு ஒரு கரண்டி பால்சோறு வை. அவள் பங்குக் கோதுமையையும் சேர்த்து நானே தின்கிறேன். அதற்குள் மீசை வளர்ந்திருக்கும், அதனால் அன்றைக்கு மட்டும் அவளுக்கு முத்தம் கிடையாது.