அறுபத்திமூணுக்கு வந்த தடை

ஒரு எண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அம்பத்தூரில் எங்களோடு வேலை பார்த்தார். பெயர் ஏதோ உண்டு. எங்களுக்கு அவர் 'அறுபத்திமூணு' அண்ணாத்தே.

எங்கள் கம்பெனியில் ஒரு எருமைக்கன்று துப்பறியும் கார்ட்டூன் தொடர் தயாரித்தோம். நான் வசனம். அவர் பின்னணி ஓவியம். எருமைக்குப் பின்னால் தெரியும் தெரு, சுவர், கடை, ஆட்டோ எல்லாம் அவர் கைவண்ணம். அதில் எங்காவது 63 இருக்கும். பஸ்ஸில் 63, கதவில் 63, பேய் வசிக்கும் கல்லறையிலும் 63. காட்டுக்குள் கதை வைத்தால் எங்கே போடுவார் பார்க்கலாம் என்று ஒரு எபிசோடு முழுக்கக் காட்டிலேயே எழுதினேன். ஆமை ஓட்டில் போட்டுவிட்டார்.

காரணம் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. நாயன்மார் கணக்கு என்றார் ஒருவர். பத்தாவதில் வாங்கிய மார்க் என்றார் இன்னொருவர். அவரிடமே கேட்டால், "இன்னாத்துக்கு சார் காரணம்? அதும்பாட்டுக்கு ஓரமா கீது" என்பார்.

ஓரமாக இருந்தது வம்பில் கொண்டுபோய் விட்டது. அது ஏதோ அதிர்ஷ்ட எண் என்று நினைத்துக்கொண்டு சிலர் சேனலுக்கே போன் போட்டுக் கேட்க, சேனல்காரர்கள் அரண்டுபோய், இனிமேல் அந்த எண் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். சேனல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்க்கும். "வேண்டாமுங்க, விட்டுருங்க" என்று அண்ணாத்தேயைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டார். அதன் பிறகு மனிதர் கேண்டீன் பக்கம்கூட வரவில்லை. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, செக்யூரிட்டி என்னை கேட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணாத்தேயின் மனைவி சென்னீர்குப்பத்திலிருந்து வந்து நின்றார்.

"எங்க ஊட்டுக்காரரு இங்க வேலையில கீறாரா, இல்ல தூக்கிட்டீங்களா? உண்மையச் சொல்லுங்கண்ணா."

"இருக்காரும்மா. ஏன் கேக்கறீங்க?"

"தெனம் டிபன் டப்பாவ எடுத்துக்கினு கிளம்பிடறாரு. ஆனா ஞாயித்துக்கெழம டிவியில அவரோட அறுபத்திமூணு வர மாட்டேங்குது. கேட்டா, நம்பர நிறுத்திட்டாங்கன்றாரு. ஒரு நம்பரப் போயி யாராச்சும் நிறுத்துவாங்களா? வேல போனத மறைக்கிறாருண்ணா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசியில் பெயர்கள் ஓடுவதற்கு முன்பே சேனலில் விளம்பரம் போட்டுவிடுவார்கள். எங்களில் யாருடைய பெயரும் திரையில் வந்ததில்லை. புருஷன் வேலையில் இருக்கிறார் என்பதற்கு அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த 63.

உள்ளே அழைத்துப் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு மீன் மார்க்கெட்டுக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்த அண்ணாத்தே, மனைவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், மீன் மார்க்கெட்டைப் பார்த்தார், காலியான அவர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் ஓடி வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா குறுக்கிட்டார்.

"அந்த நம்பரப் போடச் சொல்லுங்க சார். இல்லாங்காட்டி வாராவாரம் நான் இம்மாந்தூரம் வந்து பாக்கணும்."

மேனேஜர் எங்கள் எதிரிலேயே சேனலுக்கு போன் போட்டார். "அது அதிர்ஷ்டமெல்லாம் இல்லைங்க. எங்க ஆளோட அட்டெண்டன்ஸுங்க. அதை எடுத்தா அவரு வீட்ல ஆப்சென்ட் போட்டுடறாங்க" என்றார். சேனலிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். எதிர்முனையில் யாரோ சிரித்திருக்க வேண்டும். எபிசோடுக்கு ஒரு தடவை, சின்னதாக, என்று அனுமதி கிடைத்தது.

நான் இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார்ட்டூனை விடுவதில்லை. எருமை யாரைப் பிடித்தால் எனக்கென்ன. குடையிலோ கூடையிலோ 63 கண்ணில் பட்டதும், "வந்துட்டாரு மகராசன்" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்துவிடுவேன்.