பெம்பான் ஓட்டக் கழகமும் ஒரே உறுப்பினரும்

எங்கள் ஊர் பெம்பானில் ஓடுவதற்கு முறையான கழகம் ஒன்று இல்லையே என்ற பெருங்குறையை நாங்கள்தான் தீர்த்து வைத்தோம். தலைவர் சாமிநாதன். செயலாளர் அடியேன். தர்மேந்திரன் ஒருவர் மட்டும் உறுப்பினர். மீதி அத்தனை பேரும் பொறுப்பாளர்கள்.

தர்மேந்திரனுக்கு இனிப்பு நீர். அடுத்த செக்கப்பிலும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே மனுஷன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வார்.

"ஓடணும்தான் அண்ணே. காலையில சப்பாத்து மாட்டுறேன், வாசலத் தாண்ட மனசு வரல" என்றார் தலைவரிடம்.

"அதுக்குத் தன்முனைப்பு, அதான் மோட்டிவேஷன், வேணும்லா தம்பி! பயிலரங்கு வச்சிருவோம்."

வைத்தோம். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நாசி லெமாக் சோறு. பேச்சாளர் "எழுந்திரு!" என்று முழங்கினார். அனைவரும் எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போனோம்.

மறுநாள் தர்மேந்திரன் உற்சாகமாக வாசலுக்கு வர, தலைவர் போன் போட்டார்.

"ஓடிறாத! பட்டம் வாங்குன பெரிய மனுஷன், நம்ம டத்தோ இன்னும் கொடியசைக்கல."

"ரோட்டுல ஓட டத்தோ எதுக்குண்ணே?"

"கொடியசைக்காம ஓடினா அது ஓட்டமா? திருடன்கூடத்தான் ஓடுறான்."

நியாயம்தானே? டத்தோ தேதி தரும்வரை வாராவாரம் கூடினோம். டீசட்டை நிறம் குறித்துக் காரசாரமாக விவாதித்தோம். பீசாங் கோரேங் என்ற வாழைப்பழ பஜ்ஜி தீர்ந்ததும் கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

தர்மேந்திரனின் மனைவி அகல்யாவுக்குப் பொறுமை போயிற்று. "கொடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மொதல்ல வெளிய போங்க லா!" என்று அவரைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். வேறு வழியில்லாமல் ஓடினார். தினமும் அதே வைத்தியம். செக்கப்பில் சீனி இறங்கிவிட்டது!

செய்தி கேட்டு எங்களுக்கு வயிறு எரிந்தது. அனுமதியின்றிக் குணமாகியிருக்கிறார்! ஆனாலும் தலைவருக்குப் பெரிய மனசு. "நம்ம கழகத்தோட வெற்றிய்யா இது!" என்று பாராட்டு விழா எடுத்துவிட்டார். இதற்கு மட்டும் டத்தோ உடனே வந்தார்; தம் கையாலேயே லட்டு ஊட்டினார். தர்மேந்திரன் கழகத்தின் தன்முனைப்புத் தூதராக நியமிக்கப்பட்டார். காலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பேச்சு, மாலையில் ஒரு டவுனில் பேச்சு. போகிற இடமெல்லாம் பொன்னாடை, ஜிலேபி.

"அப்ப இவரு எப்ப ஓடுறது?" என்று அகல்யா கேட்டாள்.

"ஓட்டத்தப் பத்திப் பேசவே நேரம் பத்தல, நீ வேற!" என்றார் தலைவர்.

அடுத்த செக்கப்பில் ஊசி எழுதிவிட்டார்கள். பாவம், தர்மேந்திரன் அழுதேவிட்டார்.

அந்த வாரம் பக்கத்து ஊரான நியாலாஸில் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. தர்மேந்திரன் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி குத்திய இடத்தைக் காட்டினார். "எனக்கு வந்தது ஒங்களுக்கு வேணாம். நாளைக்குக் காலையில என்கூட யாரு ஓட வர்றீங்க?"

ஒரு கைகூட உயரவில்லை.

தலைவர் மைக்கை வாங்கினார். "இங்கயும் ஒரு கிளை தொடங்குறோம். தலைவர் பதவிக்கு யாரு வர்றீங்க?"

நாற்காலிகள் சரிந்தன. பெரியவர் சிறியவர் பார்க்காமல் மண்டபமே மேடையை நோக்கி ஓடியது. அடேயப்பா, என்ன வேகம்! எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.