பாவிகளுக்கு மட்டும் தெரியும் நெருப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் நைஜர் கழிமுகத்தில் ஒகுரேகிக்கு நேரில் வந்து விசாரிக்கலாம், படகு கிடைத்தால்.

ஊரோரத்தில் எண்ணெய்க் கம்பெனியின் குழாய் முப்பது வருடமாக எரிவாயுவை எரித்துத் தள்ளுகிறது. பனைமர உயரத் தீ. அதைத் தீர்க்கதரிசி இபோரோ ஜெபித்தே அணைத்துவிட்டார். நாலு ஊர்ச் சனம் கிழங்கும் ஆடுமாகக் கொண்டுவந்து குவித்தது. கம்பெனி அவருக்கு ஒரு ஜீப் கொடுத்தது.

தீ அப்புறமும் எரிந்ததே என்கிறீர்களா? அது பாவிகள் கண்ணுக்கு மட்டும் தெரிவது. அன்றிலிருந்து ஒகுரேகியில் பாவிகளே கிடையாது.

ஒனஜிட்டேக்கு மட்டும் தெரிந்தது. ஊறிய மரவள்ளித் துண்டுகளை அந்தச் சூட்டில் உலர்த்தி விற்பவள் அவள். அந்தப் புகையில்தான் அவள் மகள் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தாள். வருட முடிவுக்குள் தீயை அணைக்கச் சட்டம் இருந்தது. ‘அணைந்தது’ என்று அரசாங்க ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது எக்காலமும் எரியலாம்.

ஆய்வாளர் தன்லாடி வந்தார். அளக்கும் கருவி ஆறு வருடமாக ரிப்பேரில் இருந்தது. ஆகவே வாயால் அளந்தார்.

“தீ எரியுதா?”

“எந்தத் தீ ஐயா?” வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டது கூட்டம். “உங்களுக்குத் தெரியுதா?”

“சேச்சே! நான் நல்ல குடும்பத்துப் பிள்ளை.” பேனாவைத் திறந்தார்.

“ஓகா, பெரிய ஐயா, ஒரு நிமிஷம்.” ஒனஜிட்டே ஈரத் துண்டுகளைத் தட்டோடு குழாய்ப் பக்கம் வைத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. “வெயில் இல்ல. தீயும் இல்லேன்னா இது காயாது. தீர்க்கதரிசி ஐயா பக்கத்துல உட்கார்ந்து காவல் இருக்கட்டும். காயலேன்னா கையெழுத்துப் போடுங்க.”

“என்னையே சோதிக்கிறியா?” உறுமினார் இபோரோ.

“உங்களை இல்லய்யா. கிழங்கைத்தான்.”

கூட்டம் கைதட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். நனைந்த அங்கி புகைந்தது. “மகிமை!” என்று சனம் மண்டியிட்டது. அப்புறம் அங்கி ஓரம் கருகியது.

“தீ! தீ!” என்று தீர்க்கதரிசி எடுத்தார் ஓட்டம்.

“அடடா, உங்க கண்ணுக்குமா தெரியுது?” ஒனஜிட்டே ஒரு துண்டை ஆய்வாளரிடம் நீட்டினாள். அவர் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ‘எரிகிறது’ என்று எழுதினார்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “தீ ‘அணைஞ்ச’ பிறகும் வேர்க்குதே, எங்கேர்ந்து சூடுன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? அதுக்கும் ஒருத்தர் ஜெபிக்கணுமா?”

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. ஒகுரேகிக்கு இன்றுவரை, நான் சொன்ன தன்லாடி உட்பட, எந்த ஆய்வாளரும் வந்ததில்லை; ‘அணைந்தது’ என்ற கையெழுத்து வருடம் தவறாமல் தலைநகரிலேயே விழுகிறது, நாட்டின் கரிப்புகைக் கணக்கும் குறைந்துகொண்டே வருகிறது.