நீல லேபிள் தட்டின் மேல் நாலு கை

பாடுவோம் அவன் புகழை! விண்ணளக்கும் மாடங்களின் வயிற்றுக்குள் ஏறியும் இறங்கியும் திரியும் இரும்புப் பேழைகளின் பெருமருத்துவன். நடுவழியில் மூச்சடங்கி நின்ற லிப்டுகளின் நாடி பிடித்து உயிர்ப்பித்தவன். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே சிக்கித் தவித்த வக்கீல்களையும் தபால்காரர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் மீண்டும் மண்ணுலகம் சேர்த்த மாவீரன். கிரீஸ் மணக்கும் கையன். திருப்புளி துயிலும் சட்டைப்பையன். மூன்று வாரமாக மனைவி பேசாததால் மெலிந்த மார்பன்! லிப்ட் மெக்கானிக் என்று எளிமையாக உலகம் அழைக்கும் அந்த ஒப்பற்ற தலைவன், ஒரு சனிக்கிழமை முற்பகலில் ரெக்கார்டுக் கடையொன்றில் புகுந்து, தன் வாழ்நாளின் பெரும்போரைப் புரிந்த கதையைச் சொல்லத் துணிந்தோம். சொல்லும் நாவே, தடுமாறாதே. கேட்கும் செவியே, அடுப்பை அணைத்துவிட்டு வா.

போர் எதன்பொருட்டு? மண்ணுக்கா? இல்லை. பொன்னுக்கா? இல்லை. நிமிடத்துக்கு நூற்றிருபது முறை, இம்மியும் பிசகாமல், ஓடிவந்த நல்ல உடம்புக்காரனின் இதயம்போல் அடிக்கும் மத்தள முழக்கு. அதன்மேல் மழைக்காலத்து ஜன்னலில் நீர் வழிவதுபோல் வழியும் பியானோ. அதற்கும் மேலே, காதலில் தோற்றும் காலையில் எழுந்து தலைவாரிக்கொள்ளும் ஒருத்தியின் உயிருருக்கும் குரல். இம்மூன்றும் கலந்து, கால் ஆட, கண் கலங்க, இரண்டையும் ஒரே நேரத்தில் வரவழைக்கும் இசைக்கு சோல்ஃபுல் ஹவுஸ் என்று பெயர். அவ்விசையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு இசைத்தட்டு உண்டு. அதன் முழுப்பெயர் நீளமானது. சொல்லி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். ஆகவே அடியார்கள் அதன் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தைப் பார்த்து 'நீல லேபிள்' என்று சுருக்கமாக அழைத்தார்கள்.

அந்தத் தட்டு மெக்கானிக்கின் மனைவியிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுழலவிட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே அவள் ஆடும் ஆட்டத்தில் எத்தனையோ சட்டைக் காலர்கள் கருகியிருக்கின்றன. ஒரு காலருக்காகவும் நம் தலைவன் முகம் சுளித்ததில்லை. அத்தகையவன்தான், நண்பன் வீட்டுக்கு எடுத்துப்போன அத்தட்டைத் திரும்பும் வழியில் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்து, உச்சிவெயிலில் பூட்டிவிட்டு, ஒன்பதாம் மாடி லிப்ட் ஒன்றைப் பழுதுபார்க்கப் போனான். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது தட்டு தட்டாக இல்லை. கொடியில் காயும் துண்டு காற்றுக்கு நெளிவதுபோல் நெளிந்து கிடந்தது.

மனைவி அதைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. பாத்திரத்தை வீசியிருந்தால் இன்னும் தேவலை. அவளோ ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துப்போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்து, அதன்மேல் மணி பிளாண்ட் தொட்டியை வைத்தாள். அன்றுமுதல் அவ்வீட்டில் "சாவி", "பால்", "நகருங்க" என்னும் மூன்று சொற்கள் தவிர வேறு சொல் அவள் வாயிலிருந்து அவனை நோக்கிப் புறப்படவில்லை. கூட இருந்த மாமியார் மட்டும், மகள் பார்க்காத நேரத்தில் அவன் முன்னால் காபியை நகர்த்திவைத்து, "சரியாயிடும் மாப்ளே, அவ அப்பா மாதிரி அவ" என்பாள். மூன்று வாரமும் அவனை உயிரோடு வைத்திருந்தது அந்தக் காபிதான்.

இந்நிலையில் அந்தச் சனிக்கிழமை காலை அவனுடைய போனில் கடைக்காரரின் ஓலை வந்து இறங்கியது: 'புது வரவு ஒரு பெட்டி. கூடவே நீல லேபிள், மறுபதிப்பு. ஒரே ஒரு பிரதி.'

எழுந்தான். காக்கிக் கவசம் பூண்டான். காலுறைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு என்பதையும் அறியாது கிளம்பினான். இரண்டு தெரு தாண்டி, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஏறும் குறுகிய படிகளை மும்மூன்றாகத் தாவினான். அட்டை வாசமும் பழைய காகித வாசமும் கமழும் அந்த ஒற்றையறைக் கோட்டையில், புது வரவுத் தட்டுகள் பிளாஸ்டிக் உறை மினுங்க அணிவகுத்து நின்றன. வேறொரு சனிக்கிழமையாக இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, முன்னட்டையைப் பார்த்து, பின்னட்டையைப் படித்து, மறுபடி முன்னட்டையைப் பார்த்து அரை நாளைக் கழித்திருப்பான். அன்றோ, நாணல் காட்டை வகிர்ந்தோடும் வேங்கையைப்போல் விரல்களால் அவற்றை வகிர்ந்துகொண்டே போனான். கடைசியில், அட்டையின் வட்டத் துளை வழியே நீலம் தெரிந்தது. பாய்ந்தான்! இரு கைகளாலும் பற்றினான்!

பற்றிய அதே நொடியில், பெட்டியின் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறு இரண்டு கைகள் அதே தட்டின் மறு ஓரத்தைப் பற்றின.

யாருடைய கைகள் அவை? கடைவாய்ப் பற்களைக் கலங்கடித்த கைகள்; ஊரையே வாய் பிளக்க வைத்த கைகள்; இருபது ஆண்டுகள் இருண்ட வாய்க்குகைகளில் நடுங்காது நின்று சொத்தைப் படைகளைச் சூறையாடிய கைகள்! பல் டாக்டரம்மாவின் கைகள்! 

"அண்ணே, நான்தான் முதல்ல தொட்டேன்" என்று கடைக்காரரிடம் முறையிட்டான் மெக்கானிக்.

"நான் படியேறும்போதே பாத்துட்டேன்" என்றார் டாக்டர்.

கடைக்காரர் வந்தார். கழுத்தில் கயிற்றோடு தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். நான்கு கைகளையும் நெடுநேரம் ஆராய்ந்துவிட்டுப் பிரகடனம் செய்தார்: "ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. இந்தக் கடையில ஒரே சட்டம்தான். தட்டு யார் கையில இருக்கோ அவங்களுக்கு. கையை விட்டா உரிமை போச்சு. நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். ரெண்டு பேரும் எனக்கு வேணும்." பிறகு பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு, போர்க்களம் நன்றாகத் தெரியும் ஸ்டூலில் அமர்ந்தார்.

மூண்டது போர்! ஆனால் ஐயகோ, உலகம் கண்ட போர்களில் இதுபோல் கொடியது வேறில்லை. ஏனென்றால் இருவராலும் இழுக்க முடியாது. இழுத்தால் அட்டையின் மூலை மடங்கும். மூலை மடங்கிய நீல லேபிளைக் கையில் வாங்குவதைவிடக் களத்திலேயே மடிவது மேல் என்பது இருதரப்பு வீரர்க்கும் பொதுவான அறம். ஆகவே யானையும் யானையும் தந்தம் கோத்து நின்றதுபோல் நின்று, ஆயினும் தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பவர்களின் மென்மையோடு பிடித்து, வெல்வதற்கும் வழியின்றித் தோற்பதற்கும் மனமின்றி நின்றார்கள். பதினொன்றே காலுக்கு மெக்கானிக்கின் மூக்கு அரித்தது. தோளைத் தூக்கினான், மூக்கைத் தாழ்த்தினான், எட்டவில்லை. கண்ணில் நீர் திரண்டது. டாக்டரோ இமைகூடக் கொட்டவில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டான், மூக்கை மறப்பதற்காக.

"க்ளினிக்குக்கு. பயந்து வர்றவங்களுக்கு இதத்தான் போடுவேன், அப்படியே அடங்கிடுவாங்க. என்கிட்ட இருக்கறதுல ரெண்டாவது பக்கம் கீறல் விழுந்துடுச்சு. அந்தம்மா குரல் மேல ஏறுற இடத்துல ஊசி குதிக்குது. ஊசி குதிச்சா என் கையும் குதிக்குது. கையில ட்ரில் இருக்கு."

மெக்கானிக் தன்னையறியாமல் நாக்கால் தன் கடைவாய்ப் பற்களை ஒருமுறை எண்ணிக்கொண்டான்.

"உங்களுக்கு?"

"வீட்ல இருந்தத நான் வெயில்ல விட்டுட்டேன். மூணு வாரமா அவ பேசறதில்ல."

"வெயில்லயா?" என்றார் டாக்டர். பத்து ஆண்டு பல் துலக்காதவனிடமும் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை.

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அலறியது. கடைக்காரர் எழுந்து வந்து, நடுநிலை தவறாமல், அதை எடுத்து அவன் காதில் வைத்தார்.

"மாப்ளே, நான்தான். நம்ம லிப்ட் நின்னுடுச்சு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கேன். கையில காய்கறிப் பை வேற."

"அத்தே, ஒரு நிமிஷம்…"

"லிப்டுக்குள்ள இருக்கறவகிட்ட ஒரு நிமிஷமா? லைட்டு வேற அணைஞ்சு அணைஞ்சு எரியுது மாப்ளே."

இந்த இடத்தில் காலம் நின்றது. ஊரார் லிப்டையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தவன், தன் வீட்டு லிப்ட் முனகியபோது மட்டும் "அப்புறம் பாக்கலாம்" என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தான். வலக்கையில் மனைவியின் மன்னிப்பு, இடக்கையிலும் மனைவியின் மன்னிப்பு, காதில் மாமியார். அந்தப் பேழைக்குள் இருளில் நிற்பவள், மூன்று வாரமாகத் தனக்குக் காபியை நகர்த்திவைத்தவள் என்பதை எண்ணியபோது, கடலில் கரைந்த கல்லுப்புபோல் அவன் உறுதி கரைந்தது. ஆயினும் விரல்கள் விடவில்லை. விரல்களுக்கு மாமியார் இல்லை.

அதைக் கண்ட டாக்டர் பிரகடனம் செய்தார்: "போங்க. போய் அவங்கள இறக்கி விடுங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் என் ஓரத்த மட்டும்தான் பிடிச்சிருப்பேன். உங்க ஓரம் உங்களோடதுதான். தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"பல்லு மேல சத்தியம்."

ஓடினான்! இரண்டு தெருவையும் எட்டு மாடியையும் ஒரே மூச்சில் விழுங்கினான். மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் புகுந்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, மாமியாரை அங்குலம் அங்குலமாக இறக்கி, மூன்றாம் மாடிக்கு இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தான். கலைந்த தலையும் கலையாத காய்கறிப் பையுமாக வெளியே வந்தாள் மாமியார். அவன் நடந்ததை மறைக்காமல் சொன்னான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள், காலுறைகளையும் பார்த்தாள்.

"நடங்க, நானும் வர்றேன். பிடிச்சிட்டே நிக்கறேன்னு சொன்ன அந்த டாக்டரம்மாவ நான் பாக்கணும்."

நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. படியேறும்போது அவன் நெஞ்சு, அவனுக்குப் பிடித்த இசையைவிட வேகமாக அடித்தது. போயிருப்பாரா? வாங்கிக்கொண்டு போயிருப்பாரா? உள்ளே நுழைந்தான், கண்டான், சிலையானான். டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் ஓரம் அவர் கைகளில். அவன் ஓரம் அந்தரத்தில், தொடுவாரின்றி. அவர் முன்னால் கவிழ்த்துப்போட்ட பெட்டியில் ஒரு கன்னம் வீங்கிய மனிதர் ஆவென்று வாய் திறந்து உட்கார்ந்திருந்தார். க்ளினிக் கதவில் 'ரெக்கார்டுக் கடையில் இருக்கிறேன்' என்ற சீட்டைப் பார்த்துவிட்டுத் தேடி வந்த நோயாளி. கடைக்காரர் அவர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பெருசா திறங்க. ம்ம். கீழ் வரிசை, கடைசிப் பல்லு. எடுத்துடணும். திங்கக்கிழமை வாங்க" என்றார் டாக்டர், தட்டிலிருந்து ஒரு விரலும் அகற்றாமல்.

மெக்கானிக் அருகில் வந்தான். தன் ஓரத்தைப் பிடித்தான். ஆனால் இழுக்க அல்ல. "டாக்டர், நீங்களே எடுத்துக்குங்க" என்றான்.

"சேச்சே. வீட்ல பேச்சே இல்லன்னீங்களே. நீங்க எடுத்துக்குங்க."

"ட்ரில்ல வெச்சிருக்கறவங்க நீங்க. உங்களுக்குத்தான் வேணும்."

மூண்டது இரண்டாம் போர்! முதற்போரில் பெற வேண்டிப் பொருதவர் இப்போது தர வேண்டிப் பொருதனர். வள்ளன்மை வள்ளன்மையோடு மோதிற்று. பெருந்தன்மை பெருந்தன்மையின் நெஞ்சில் தட்டை வைத்து அழுத்திற்று. மூலை மடங்கும் அபாயம் அப்போதுதான் உண்மையாகவே வந்தது.

"ரெண்டு பேரும் முதல்ல அதக் கீழ வைங்க!" என்று முழங்கினாள் மாமியார். "கை வலிக்கல?"

வலித்தது. இருவரும் தட்டைக் கடைக்காரரின் மேசையில் வைத்தார்கள். மரத்துப்போன இருபது விரல்களும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மெக்கானிக் முதலில் மூக்கைச் சொறிந்துகொண்டான். பிறகு, "இல்ல டாக்டர், நீங்க" என்று தொடங்கினான். "இல்லங்க, நீங்க" என்றார் அவர். இப்படியே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பதினேழு முறை சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் கல்லாப்பெட்டி திறந்து மூடும் ஓசை கேட்டது.

திரும்பினார்கள். கன்னம் வீங்கியவர் தட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"நானும் லொம்ப நாளா தேதித்து இதுந்தேங்க" என்றார். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

இருவரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். "கையை விட்டீங்கல்ல? சட்டம்னா சட்டம்."

கன்னம் வீங்கியவர் பக்கவாட்டில் சாய்ந்த புன்னகையோடு படியிறங்கிப் போனார்.  மாமியார் போனை எடுத்து, அங்கேயே நின்று, தன் மகளிடம் காய்கறிப் பை முதல் கல்லாப்பெட்டி வரை எல்லாவற்றையும் சொன்னாள். மெக்கானிக் தலை குனிந்து தீர்ப்புக்காக நின்றான்.  மறுமுனையில் ஒரு சத்தம். இருமலோ என்று பயந்தான். சிரிப்பு! மூன்று வாரமாக அடைபட்டிருந்த சிரிப்பு போன் வழியே கொட்டி, கடையெல்லாம் தெறித்தது.

"அவர்கிட்ட குடும்மா" என்றாள் மனைவி.

வாங்கினான்.

"ஏங்க, அந்தம்மா நிஜமாவே நாப்பது நிமிஷம் பிடிச்சிட்டே நின்னாங்களா?"

"ஆமா."

"ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்க அவங்கள. ஆடத் தெரியுமான்னு கேளுங்க. நீங்க சீக்கிரம் அம்மாவக் கூட்டிட்டு வாங்க, பசிக்குது."

எத்தனை சொற்கள்! மூன்று வாரத்து மொத்த வரவையும் ஒரே மூச்சில் விஞ்சிய சொற்கள்! கோடையில் வெடித்த ஏரியின் மேல் முதல் மழை விழுந்தாற்போல் அவை அவன்மேல் விழ, பேழைகளின் பெருமருத்துவன் நிமிர்ந்தான், வாய்க்குகைகளின் வீரமங்கையை நோக்கிக் கை கூப்பினான், அவரும் கூப்பினார், தோற்றவர் இருவரும் வென்றவர்போல் தோளுயர்த்தி, புது வரவுப் பெட்டி புகழ் பாட, செருப்புக் கடையும் ஜெராக்ஸ் கடையும் இருமருங்கும் வாழ்த்தொலிக்க, அந்தப் படிகளில் இறங்கிய காட்சியைச் சொல்ல எம்மிடம் சொல் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஊசி குதிக்கும் அந்தப் பழைய தட்டைச் சுழலவிட்டு, கன்னம் வீங்கியவருக்கு டாக்டர் பல்லைப் பிடுங்கினார்.