சட்டியக்காவின் ஆட்டெரு

உலகத்தில் யாரையுமே நம்பாத ஒரு மனுஷி உண்டென்றால் அது எங்கள் சட்டியக்காதான். எண்பதுகளில் ஓக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது அடுத்த வீட்டுக்காரி. அமெரிக்காவின் அரிசோனாவில், ஹோப்பி-டேவா பழங்குடியில் பிறந்தவர். நியூசிலாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். மண்சட்டி செய்வதுதான் வேலை, பெயரும் அதனால்தான். குயவர் சக்கரம் கிடையாது. களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியே சட்டி செய்வார். தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்த வேலை. சட்டியைத் தேய்த்து மினுக்க, தாய் கொடுத்த கூழாங்கல் ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கும். நான் வணக்கம் சொன்னாலும் அவர் கை முதலில் அந்தப் பையைத்தான் தடவும்.

சட்டி சுட ஆட்டெரு வேண்டும். செம்மறிக்குப் பஞ்சமில்லாத நாட்டில் அவருக்கு எருவிலும் சந்தேகம். மனுரேவாவுக்கு அப்பால் ஒரு பண்ணைக்கு என் காரில் கூட்டிப்போனேன்.

"இதில் மாட்டுச்சாணம் கலந்திருக்கிறதா?" என்று குடைந்தார். பண்ணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என் மனைவி மலருக்கோ சட்டியக்கா மேலேயே சந்தேகம். "உவ ஏதோ செய்வினை செய்யிறா. ஆட்டெருவை ஆரும் பூட்டி வைப்பினமோ?"

ஒரு சனிக்கிழமை பின்வளவில் சட்டிகளை அடுக்கி, உடைந்த ஓடுகளால் மூடி, சுற்றிலும் எருவைக் குவித்து மூட்டினார். புகை தெருவை மறைத்தது. யாரோ சந்தேகப்பட்டு அழைக்க, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் அத்தனை சட்டியும் வெடித்துவிடும். சட்டியக்கா கைகளை விரித்துக் குறுக்கே நின்றார்.

மலர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டினாள். "இது எங்கள் பூசை. அணைத்தால் தெய்வக் குற்றம்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டாள். வந்தவர்களின் தலைவர் புகையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு முடியும்வரை பயபக்தியோடு நின்றார்.

ஆறியபின் எடுத்த சட்டிகளில், வெளிர்மஞ்சளில் செம்மை படர்ந்திருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. சட்டியக்கா மலரைக் கூர்ந்து பார்த்தார்.

"ஏன் உதவி செய்தாய்? உனக்கு என்ன வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம்."

அதை அவர் நம்பவில்லை. மறுநாள் ஒரு சட்டியைக் கொண்டுவந்து, "அழகுக்கு மட்டும். சமைத்தால் எனக்குத் தெரியும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அதை யன்னலோரம் வைத்தோம். இடைக்கிடை மலர் அதன் பக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தலையும் வைப்பாள். வேலிக்கு அப்பாலிருந்து கண்டதும் சட்டியக்கா வந்துவிடுவார். சட்டியை முகர்ந்து, தடவி, எங்களைத் திட்டி, தேத்தண்ணி குடித்து, பொழுதுபட்டபின்தான் போவார்.

"அந்தப் போத்தலை ஏனப்பா அங்கை வைக்கிறீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வைக்காட்டி அவ வரமாட்டாவே" என்றாள் மலர்.