அசல் அதிகாரியின் அங்க அடையாளம்

நாட்டின் நிர்வாகம் இதுவரை குடைசாயாமல் ஓடுவதற்கு யார் காரணம் என்று பிற்காலத்தில் எவராவது ஆராய்ச்சி செய்தால், அவர்கள் நேராகச் சான்றிதழ்ப் பிரிவின் மூன்றாம் மேஜைக்குத்தான் வந்து சேருவார்கள். அங்கே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் அடியேன். பிறந்தவர் பிறந்ததும் இறந்தவர் இறந்ததும் நான் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அதுவரை இரு தரப்பாரும் பொறுத்திருக்க வேண்டியதுதான். அவசரத்தில் தவறு நேரும் என்பதால் நான் எதையும் அவசரப்பட்டுச் செய்ததில்லை. ஆகவே என் வேலையில் இன்றுவரை ஒரு தவறும் நடந்ததில்லை. வேலையும் அவ்வளவாக நடந்ததில்லை.

இப்படிப்பட்டவனின் முகத்தை ஒரு திங்கட்கிழமை காலை பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நம் சேவை ஒருவழியாக மேலிடத்தின் கண்ணில் பட்டுவிட்டது என்று நெஞ்சு நிமிர்த்தி அருகில் போனேன். 'தேடப்படும் குற்றவாளி' என்று தலைப்பு. அதே மூக்கு, அதே மீசை, அதே காது. பெயர் மட்டும் என்னுடையதல்ல.

அவன் செய்த குற்றம் சாதாரணமானதல்ல. கடைத்தெருவில் ஒரு அறை பிடித்து, 'சான்றிதழ் அலுவலகம் - கிளை' என்று பலகை மாட்டி, மேஜை நாற்காலி போட்டு, மூன்று மாதமாகப் போலிச் சான்றிதழ் வழங்கியிருக்கிறான். அதுவும் பத்தே நிமிடத்தில். இந்த வேகத்தை யாரோ ஒருவர் போலீஸ்காரர் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லப்போய், 'அப்படியானால் அது அரசாங்க அலுவலகமாக இருக்க முடியாதே' என்று அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. ஆள் அதற்குள் கம்பி நீட்டிவிட்டான்.

அன்று மதியமே எங்கள் கண்காணிப்பாளர் என் முகம் குறித்து அவசரக் கூட்டம் கூட்டினார். இரண்டு மணி நேரம் விவாதித்து, 'மேற்படி ஊழியர் தமது முகத்தை ஒரு வார காலத்துக்குள் உரிய முறையில் சரிசெய்துகொள்ள வேண்டும்' என்று தீர்மானம் போட்டார்கள். எப்படிச் சரிசெய்வது என்று தீர்மானத்தில் இல்லை. வீட்டில் என் மனைவி சுவரொட்டியை நினைவுகூர்ந்து, அந்த ஆள் என்னைவிடக் கொஞ்சம் லட்சணமாக இருப்பதாகவும், மீசையை எடுத்துவிட்டால் குழப்பம் தீரும் என்றும் சொன்னாள். முதல் பகுதியைக் கேளாததுபோல் இரண்டாம் பகுதியை ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை முடிதிருத்தகத்துக்குப் போனேன். கடைக்காரர் சோப்பு தடவி, மீசையின் வலது பாதியை வழித்து எடுத்தார். அப்போதுதான் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த படம் கண்ணாடியில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கத்தி அந்தரத்தில் நின்றது.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் மிகவும் மரியாதையாக.

"சான்றிதழ் குடுக்கற வேலை" என்றேன் மிகவும் பெருமையாக.

வெந்நீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனவர் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். ஐந்து நிமிடத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். நான் பதறி எழுந்தபோது கழுத்தில் கட்டியிருந்த துணி நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. ஒரு அடி எடுத்து வைத்தேன், நாற்காலி சுழன்றது, அதைச் சுற்றி நானும் சுழன்றேன். மூன்றாவது சுற்றில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள். இடப்பக்கம் நின்றவர் என்னைப் பார்த்து இவன்தான் என்றார். வலப்பக்கம் நின்றவர் இவன் இல்லை என்றார். சந்தேகம் தீர்த்துக்கொள்ள இடம் மாறி நின்றார்கள். கருத்தும் மாறிப்போயிற்று.

காவல் நிலையத்தில் ஆய்வாளரிடம் என் அலுவலக அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த ஆளிடமும் ஒன்று இருந்ததாகவும், அதில் முத்திரை இதைவிடத் தெளிவாக இருந்ததாகவும் அவர் சொன்னார். சாட்சி சொல்ல எங்கள் கண்காணிப்பாளரை அழைத்தார்கள். அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, முகம் நம் ஆள் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பணிப் பதிவேட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பதிவேடு எங்கே என்று ஆய்வாளர் கேட்டார். சரிபார்ப்புக்காக மூன்றாம் மேஜையில் நாலு வருடமாகக் கிடக்கிறதாம்.

மனைவியும் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் அவருதான்" என்றாள். "அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் இல்ல."

கடைசியில், சான்றிதழ் வாங்கி 'ஏமாந்தவர்களை' வரவழைப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு கான்ஸ்டபிள் முத்திரை மையைத் தொட்டு, இல்லாத பாதி மீசையை வரைந்துவிட்டார். கண்ணாடி காட்டினார்கள். சுவரொட்டியே எழுந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

முதலில் வந்த தையல்காரர் என்னைக் கண்டதும் கை கூப்பினார். மகளின் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்த தெய்வம் என்று கண் கலங்கினார். உங்களை விடுவிக்கச் சொல்லி எங்கள் தெருவே மனு எழுதிக்கொண்டிருக்கிறது, தைரியமாக இருங்கள் என்று ஆறுதல் சொன்னார். ஆய்வாளர் 'குற்றவாளி உறுதி செய்யப்பட்டார்' என்று எழுதினார். இன்னொரு சாட்சியும் இதையே சொன்னால் ஏழு வருடம் உள்ளே என்று கான்ஸ்டபிள் காதோடு சொன்னார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மீசை உதட்டில் வழிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாராவது ஒருவர் சீக்கிரம் ஏதாவது செய்யமாட்டார்களா என்று தவித்தேன்.

இரண்டாவதாக ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பழைய துணிப்பை. என் முகத்தைப் பார்த்தார், தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு என்ன தோன்றியதோ, என்னை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்து, முன்னால் கொஞ்சம் காகிதம் போடும்படி ஆய்வாளரிடம் கேட்டார். போட்டார்கள். காகிதத்தைக் கண்டதும் என் தலை தானாகக் குனிந்தது. அவர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

"சார், என் வீட்டுக்காரரோட இறப்புச் சான்றிதழ்..."

"நாளைக்கு வாங்க" என்றது என் வாய்.

அந்த அம்மாள் ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"இவரை விட்டுடுங்க. இவரு அசல் ஆபீசர்தான். பதினோரு தடவை போயிருக்கேன். முகத்தைப் பாத்ததில்ல, இந்த உச்சந்தலையத்தான் பாத்திருக்கேன். இது நல்லாத் தெரியும்."

"அப்ப அந்த இன்னொரு ஆளு?" என்றார் ஆய்வாளர்.

"அவரு என்னை உக்காரச் சொன்னாருங்க. தண்ணி குடுத்தாரு. எப்படிம்மா இறந்தாருன்னு கேட்டாரு. அதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல."

அவர் பையில் இருந்த போலிச் சான்றிதழை வழக்குக்காக அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்; சட்டப்படி அந்த அம்மாளின் கணவர் அந்த நிமிடத்திலிருந்து மறுபடி உயிரோடு இருந்தார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆய்வாளர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். என்னை விடுவிக்கும் குறிப்பை அவரே எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார்: 'இருவருக்கும் முக ஒற்றுமை பூரணமாக உள்ளது. ஆனால் தேடப்படும் நபர் பொதுமக்களிடம் அன்பாக நடந்துகொண்டதாகச் சாட்சிகள் கூறுகின்றனர். ஆகவே இவர் அவரல்ல என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.'

படித்துச் சரிபார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இருபத்திரண்டு வருட சேவையில், கேட்ட மாத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் அது ஒன்றுதான்.